தேதியும் துணையும் தூக்கமும்

அத்தியாயம் 6

கோவையிலிருந்து பழனி நூறு கிலோமீட்டருக்கு மேல். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழியாக அந்தத் தூரத்தை நடந்தே கடக்கிறவர்கள் யார் என்று சாலையோரம் நின்று பாருங்கள். மளிகைக் கடைக்காரர், லேத் பட்டறை ஃபிட்டர், பனியன் கம்பெனி டைலர், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுக் கிளம்பிய தோட்டத்துக்காரர், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வரும் ஆத்தா. 'நாளையிலிருந்து வாக்கிங்' என்று சொல்லியே வருடத்தை ஓட்டியவர்கூட அந்தக் கூட்டத்தில் இருப்பார். அவரும் போய்ச் சேர்ந்துவிடுவார்.

பக்திதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதே மனிதருக்கு அதே முருகன்மேல் ஆனி மாதத்திலும் பக்தி இருந்தது. அப்போது நடக்கவில்லை. தை மாதத்தில் கூடுதலாக என்ன சேர்கிறது?

ஒரு தேதி சேர்கிறது. தை மாதப் பூசம் யாருக்காகவும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகாது. கழுத்தில் மாலை விழுந்த நாளிலிருந்து எதிர்வீட்டுக்கும் டீக்கடைக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது; பாதியில் விட்டால் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஒழுங்கு வந்துவிடுகிறது. குழு சேர்கிறது, நல்ல குழுவில் வேகத்தை முடிவு செய்வது மெதுவாக நடப்பவர்தான். வழியில் யாரும் பழனியை நினைத்துக் கால் எடுத்து வைப்பதில்லை. காலையில் கிணத்துக்கடவு, அப்புறம் பொள்ளாச்சி, மறுநாள் உடுமலை என்று கைக்கு எட்டும் ஊர்களாகத்தான் பேச்சே இருக்கும். வெயில் ஏறினால் படுத்துவிடுகிறார்கள். எழுந்தால் யாரோ மோர் கொடுக்கிறார்கள். எடப்பாடியிலிருந்து காவடி எடுத்து வரும் பருவதராஜகுலத்தார் பல தலைமுறைகளாக, ஊர் ஊராக முறை வைத்து, பூசம் முடிந்த பிறகு வந்து மலைமேலேயே ஓர் இரவு தங்கிச் செல்கிறார்கள். அத்தனை ஆயிரம் பேரை அத்தனை தூரம் நகர்த்துவது உற்சாகப் பேச்சு அல்ல, ஏற்பாடு.

'எனக்கு மோட்டிவேஷன் இல்லீங்க' என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, தேதி இருக்கிறதா, உங்களோடு யார் வருகிறார்கள், முதல் ராத்திரி எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதைத்தான். பெரும்பாலும் மூன்றுக்கும் பதில் இருக்காது.

உங்கள் பூசம் எது?

உங்கள் இலக்கு குரூப் 4 தேர்வாக இருக்கலாம், சொந்தமாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறையாக இருக்கலாம், இடுப்பைச் சுற்றியிருக்கும் பத்துக் கிலோவாக இருக்கலாம். தேர்வுக்குத் தேதியை ஆணையம் கொடுத்துவிடும். உடம்பு சம்பந்தப்பட்ட இலக்குக்கு யாரும் தேதி தரமாட்டார்கள் என்பதால்தான் அது எப்போதும் தள்ளிப்போகிறது. ஆகவே வெளியிலிருந்து ஒரு தேதியைக் கடன் வாங்குங்கள். 2013 முதல் நடந்துவரும் கோயம்புத்தூர் மாரத்தானில் சிறிய தூரம் ஒன்றுக்குப் பெயர் கொடுக்கலாம். ஓட்டம் வேண்டாம் என்றால், தமிழக அரசு 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் இருக்கிறது: எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை, மாதத்தின் முதல் ஞாயிறு நடை. 'அடுத்த முதல் ஞாயிறு' என்பது சுவரில் தொங்கும் காலண்டரில் வட்டம் போடக்கூடிய தேதி.

தேதி கிடைத்ததும் பின்னோக்கி எண்ணுங்கள். தைப்பூசத்துக்கு நடக்க வேண்டும் என்றால் ஐப்பசியிலேயே தொடங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை குறுக்கிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆரம்பத்தில் அரை மணி நேர நடை போதும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட நடை. அதன் தூரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள், நாலாவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். மார்கழியின் குளிர்ந்த விடியலில் நீண்ட நடைகளை முடித்துவிடலாம். பயிற்சியே இல்லாமல் பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு கிளம்புகிறவர்களும் உண்டு. போய்ச் சேர்ந்தாலும், பாதத்தில் கொப்புளமும் தொடையில் பிடிப்புமாகத் திரும்பி ஒரு வாரம் கடை திறக்க மாட்டார்கள். சாமி கேட்டது நடையைத்தான், கொப்புளத்தை அல்ல.

இடத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். ரேஸ்கோர்ஸ் அழகான இடம், சுற்று இரண்டரைக் கிலோமீட்டர்தான், ஆனால் துடியலூரில் இருந்துகொண்டு தினமும் ரேஸ்கோர்ஸுக்கு வண்டி ஓட்டி நடக்கப் போகும் திட்டம் மூன்றாவது வாரம் உடைந்துவிடும். பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம், மருதமலைப் படிக்கட்டு, ஈரோடு வ.உ.சி. பூங்கா, உங்கள் தோட்டத்து வாய்க்கால் வரப்பு. செருப்பை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் எது வருகிறதோ அதுதான் உங்களுக்குச் சிறந்த இடம். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று முகத்தில் மண்ணை அள்ளி வீசும். அப்போதைக்கு வீட்டுக்குள் செய்ய ஏதாவது ஒன்று, மாடிப்படி ஏறி இறங்குவதாவது, கையிருப்பில் இருக்கட்டும்.

துணையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்களைவிட ரொம்ப வேகமானவர் துணை அல்ல. காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் நின்று "ஏனுங், வர்லீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு வெட்கமில்லாத ஒருவர் போதும். வாட்ஸ்அப் குழு அதற்கு ஈடாகாது. அங்கே கட்டை விரல் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளலாம்.

நானம்மாளும் பாப்பம்மாளும்

பொள்ளாச்சிப் பக்கத்தில் 1920-ல் பிறந்து கோவை கணபதியில் வாழ்ந்த நானம்மாள், சிறு வயதில் தந்தையிடம் கற்ற யோகாசனத்தைத் தொண்ணூற்றொன்பது வயதுவரை விடவில்லை. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2019 அக்டோபரில் காலமானார். மேட்டுப்பாளையத்துக்கு அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கினார், இயற்கை விவசாயம் செய்தார், உள்ளாட்சியிலும் பொறுப்பு வகித்தார். நூறு வயதைத் தாண்டியும் விடிந்ததும் வாழைத் தோட்டத்துக்குள் இறங்கியவர். 2021-ல் அவருக்கும் பத்மஸ்ரீ. 2024 செப்டம்பரில், 109 வயது என்று சொல்லப்பட்ட நிலையில், மறைந்தார்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் உடனே சாப்பாட்டு ரகசியத்தைத் தேடிப் போகிறார்கள். மரபணு, பிறந்த காலம், அதிர்ஷ்டம் எல்லாம் கலந்த நீண்ட ஆயுளை ஒரு கஞ்சியில் தேடுவது வீண். அவர்களிடமிருந்து எடுக்கக்கூடியது ஒன்றுண்டு: இருவருமே உடம்புக்கென்று தனியாக ஒரு வேலை வைத்துக்கொள்ளவில்லை. நானம்மாளுக்குத் தன் ஆசனம்தான் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் தொழிலும். பாப்பம்மாளுக்கு மண்வெட்டிதான் பிழைப்பும் உடற்பயிற்சியும். இலக்கும் உடம்பும் ஒரே மணி நேரத்தில் ஒரே வேலையால் நடந்தன.

நமக்கு அந்த வசதி இல்லை. நம் இலக்குகளில் பாதி உட்கார்ந்துகொண்டே எட்ட வேண்டியவை. அப்படியானால் இரண்டையும் வேண்டுமென்றே ஒட்டவைக்க வேண்டும். ஆர்.எஸ்.புரத்தில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்ப் படிக்கிறவர் இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கட்டும், வரலாற்றுப் பாடத்தைக் காதில் கேட்டபடி. வார்டனைப் போல மணி அடித்து, ஒவ்வொரு ஐம்பது நிமிடத்துக்கும் எழுந்து நிற்கட்டும். கடை முதலாளி சப்ளையரோடு பேசும் போனை உட்கார்ந்து எடுக்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளட்டும். அற்பமாகத் தோன்றும். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைகளுக்கு வேலை. பத்து நிமிடத்துக்குக் குறைவான நடை கணக்கில் வராது என்றிருந்த பழைய நிபந்தனையை 2020-ல் அதுவே எடுத்துவிட்டது. ஆகவே அந்த இரண்டு ஸ்டாப்பும் கணக்கில் சேரும்.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இதுகூடக் கஷ்டம் என்பது தெரியும். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவரிடம் 'தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி' என்று சொல்வது அவமானப்படுத்துவதற்குச் சமம். அவருக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட்ட பின் பத்து நிமிடம் கம்பெனி காம்பவுண்டைச் சுற்றுங்கள். சர்க்கரைக்கு அது நல்லது. ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கத்துக்கும் நடைக்கும் வையுங்கள், இலக்குக்கான படிப்போ தொழிலோ வாரநாளில் தினம் நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மெதுவாகத்தான் போகும். பரவாயில்லை, பூசக் கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் இல்லாமல் எந்தக் குழுவும் இல்லை.

தூக்கத்தைத் திருடாதீர்கள்

கொங்கு நாட்டுக்காரர்கள் உழைப்பைப் பற்றிப் பெருமைப்படுவது நியாயம்தான். ஆனால் 'மூணு மணி நேரந்தானுங் தூங்குவேன்' என்பதையும் அதே பெருமையோடு சொல்கிறோம். அதில் பெருமை ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படிக்கிறவர் பால் கறந்து ஓட்டைக் குண்டாவில் ஊற்றுகிறவர். தூக்கம் குறைந்தால் பசி தவறாகக் கேட்கும், மறுநாள் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கை நீட்டிக் கூப்பிடும். லேத்தில் நிற்கிறவருக்கு விரலே ஆபத்தில்.

இந்த இடத்தில் அருணாசலம் முருகானந்தத்தின் கதையை யாராவது நினைவுபடுத்துவார்கள். கோவைக்காரர், குறைந்த விலை சானிட்டரி நாப்கின் செய்ய இயந்திரம் கண்டுபிடித்தவர், 2016-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்த முயற்சியின் நடுவில் மனைவியும் தாயும் அவரை விட்டுப் போனார்கள், ஊர் ஒதுக்கியது, பிறகு எல்லாம் திரும்பி வந்தது. மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் விழும். எனக்கு அந்தக் கைதட்டலில் சங்கடம் உண்டு. அவர் ஜெயித்தது இழந்ததால் அல்ல. கடைச் சரக்கில் இருப்பது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து வரும் இழை என்று கண்டுபிடிக்கும்வரை வருடக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததால். அந்தச் சோதனைப் புத்தியைக் கடன் வாங்குங்கள். குடும்பத்தையும் உடம்பையும் பணயம் வைப்பது செய்முறையின் ஒரு படி அல்ல. அப்படிப் பணயம் வைத்துத் தோற்றவர்களை யாரும் மேடையேற்றுவதில்லை, அதனால் அவர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரிவதும் இல்லை.

பேக்கரியும் கொள்ளும்

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் கருத்து இருக்கிறது.

கோவைக்காரரின் உடம்பு கெடுவது விருந்தில் அல்ல, பேக்கரியில். காலை பதினொரு மணிக்கு ஒரு டீ, ஒரு தேங்காய் பன். நாலு மணிக்கு டீ, பப்ஸ். ராத்திரி கடையடைத்த பிறகு நண்பரோடு இன்னொரு டீ. பசியே இல்லாமல், பேச்சுக்காகச் சாப்பிடுவது. பேச்சை விடச் சொல்லவில்லை. டீயில் சர்க்கரையைக் குறைத்து, பன்னுக்குப் பதில் வறுத்த நிலக்கடலை ஒரு கை வாங்கிக்கொள்ளுங்கள், அதே பேக்கரியிலேயே கிடைக்கும். சாயங்காலத் தள்ளுவண்டிக் காளானைப் பற்றி: அதில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம், காய்கறி சாப்பிட்டோம் என்று அதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். எண்ணெயில் பொரித்த பிறகு அது காய்கறி இல்லை.

நம் வீடுகளில் புரதத்துக்குப் பஞ்சமே கிடையாது, கொள்ளுப்பருப்பும் பச்சைப்பயறு கடைசலும் இருக்கும்வரை. தட்டில் சோற்றைக் குறைத்துக் கடைசலைக் கூட்டுங்கள். அரிசிம்பருப்புச் சாதம் அவசரத்துக்கு அருமையான சமையல். அதில் பருப்பின் பங்கை ஏற்றலாம். கம்பும் ராகியும் நல்லவை, ஆனால் சிறுதானியம் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு உருண்டைக் களியை உள்ளே தள்ளினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தோட்டத்தில் பகல் முழுக்க ஏர் ஓட்டியவர் சாப்பிட்ட அளவு, கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவருக்கான அளவு அல்ல.

விட்டுப்போன நாள்

இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பேச்சாளர்கள் சொல்வார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், தன் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழக ஆகும் காலத்தைப் பற்றி 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பிய நம்பிக்கை அது. லண்டனில் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள்வரை மாறியது. நம் ஊரில் ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். இருபத்தொன்றைவிட அது உண்மைக்குக் கொஞ்சம் பக்கம்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. கல்யாணம், நோம்பி, எழவு என்று நம் காலண்டரில் மாதத்துக்கு நாலு நாள் எப்படியும் போகும். போகட்டும். மறுநாள் இரு மடங்கு செய்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அப்படித்தான் முழங்கால் வீங்குகிறது. வழக்கமான அளவையே, வழக்கமான நேரத்தில் செய்யுங்கள். முடியாத நாளுக்கென்று ஒரு குட்டி அளவும் வைத்திருங்கள்: ஐந்து நிமிட நடை, ஒரு பக்கப் படிப்பு. முன்கூட்டியே 'மழை வந்தால் மாடிப்படி', 'ராத்திரி ஷிப்ட் என்றால் எழுந்ததும் நடை' என்று எழுதிவைத்தவர்கள், வெறுமனே 'செய்வேன்' என்று தீர்மானித்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள்.

எதைக் கணக்கு வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 2024-ல் குரூப் 4 தேர்வை 6,244 இடங்களுக்கு அறிவித்தபோது சுமார் இருபது லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். உங்கள் இடம் உங்கள் கையில் மட்டும் இல்லை. படித்த மணி நேரம், எழுதிப் பார்த்த மாதிரித் தாள், தூங்கிய தூக்கம், நடந்த நடை ஆகியவை உங்கள் கையில் இருக்கின்றன. நோட்டில் அவற்றை எழுதுங்கள். எடை மெஷினில் தினமும் ஏறாதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமை, காலையில்.

ஏறக்கூடாத மலை

நம் பக்கத்தில் இளைஞர்கள் வைக்கும் இலக்குகளில் வெள்ளியங்கிரியும் ஒன்று. பூண்டியில் தொடங்கி ஏழு மலை, ராத்திரி கிளம்பினால் விடியலில் உச்சி, கையில் மூங்கில் தடி. 2024 சீசனில் ஏறியவர்கள் பலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் இறந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. நாலு மாதமாகப் படி ஏறாதவர் ஒரே ராத்திரியில் ஏழு மலை ஏறக் கூடாது. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பக்கமே போக வேண்டாம். இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் அடிவாங்கும், பயிற்சியில் இறக்கத்தையும் சேருங்கள்.

பழனியோ வெள்ளியங்கிரியோ மாரத்தானோ, தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 11.4 சதவீதம், தமிழ்நாடு அந்தச் சராசரிக்கும் மேலே. உயர் ரத்த அழுத்தம் 35.5 சதவீதம், அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல். இவை வலிக்காத நோய்கள், பார்த்தால்தான் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, தலைசுற்றல் வந்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. 'வாயுத் தொந்தரவு' என்று சோடா குடித்துவிட்டு மேலே நடக்காதீர்கள். உட்காருங்கள், 108-ஐ அழையுங்கள்.

உடம்பில் கோளாறு எதுவும் இல்லாமலே இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல், 'எதுக்கு இதெல்லாம்' என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருந்தால், அதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். தேர்வு முடிவு வந்த வாரத்திலும், தொழிலில் கடன் கழுத்தை நெரிக்கும் மாதத்திலும் இது வருவது சகஜம். புது அட்டவணை போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. கூப்பிட மனம் வராதவருக்கு, காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் வந்து நிற்கும் அந்தத் துணையே எண்ணை அழுத்தி போனைக் கையில் கொடுக்கலாம்.